செல்லுக்குள்ளே ஒரு மேஸ்திரி!

வீட்டில் இருக்கும் அரிசி இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று யாருக்குத் தெரியும்? சம்பளம் கொண்டுவந்து கொடுக்கிற ஐயாவுக்கு நிச்சயம் தெரியாது. அம்மாவைக் கேளுங்கள். பானைக்குள் கையை விட்டுப் பார்க்காமலேயே, "புதன்கிழமை வரைக்கும் ஓட்டிரலாம்" என்பார். இருப்பு குறைந்தால் அடை, வடையெல்லாம் நின்றுவிடும். பழைய சோறு வீணாகாது. பரணில் கிடக்கும் பழைய பித்தளைகூட விலைக்குப் போகும். மாதம் பிறந்து மளிகை வந்து இறங்கிவிட்டால், அதே அம்மா முறுக்குக்கு மாவு இடிக்க ஆரம்பித்துவிடுவார்.

நம் உடம்பில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் இதே கணக்கு நடந்துகொண்டிருக்கிறது. 'சத்து வந்திருக்கிறதா? எவ்வளவு? வளரலாமா, அல்லது இருப்பதை வைத்துச் சமாளிப்போமா?' இந்தக் கேள்விக்கு நம் செல் ஓயாமல் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பதில் சரியாக இருந்தால் ஆரோக்கியம். பதில் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்துகிடந்தால் சர்க்கரை நோய், கல்லீரல் கொழுப்பு என்று வரிசையாக வந்து நிற்கும்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்த காலத்தில் இந்தச் சங்கதி பாடப் புத்தகத்தில் கிடையாது. உண்ட உணவு முதலில் சாரமாகி, பிறகு செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம் என்று ஏழு தாதுக்களாக மாறுகிறது என்று படித்தோம். 'இப்போது ஊனைக் கட்டு, இப்போது நிறுத்து' என்று செல்லுக்குள் உத்தரவு போடுவது யார் என்பது பின்னால்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அந்தக் கதை ஒரு பிடி மண்ணில் ஆரம்பிக்கிறது!

மண்ணில் கிடைத்த மருந்து

எங்கள் திருவேங்கடத்துக்குப் பக்கத்துச் சங்கரன்கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். அதனால் மண்ணிலிருந்து மருந்து வந்தது என்றால் எங்கள் பக்கத்து ஜனங்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள். நான் சொல்லும் மண் வெகு தூரத்து மண். தென் பசிபிக் கடலில் தன்னந்தனியாகக் கிடக்கும் ஈஸ்டர் தீவின் மண். அந்தத் தீவு ஜனங்கள் தங்கள் ஊரை 'ராப்பா நூயி' என்பார்கள். 1964-ன் கடைசியில் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு கப்பலேறி அங்கே போனது. வரும்போது மண் மாதிரிகளையும் எடுத்துவந்தது.

அந்த மண் மான்ட்ரியல் நகரில் இருந்த அயர்ஸ்ட் மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அங்கே அதை ஆராய்ந்தவர் சுரேன் சேகல். நம்மவர், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரி சுரக்கும் பொருளை 1972-ல் அவருடைய குழு பிரித்தெடுத்தது. தீவின் பெயரையே வைத்து 'ராப்பமைசின்' என்று பெயரிட்டார்கள். முதலில் அது பூஞ்சைக் காளானைக் கொல்லும் மருந்து என்றுதான் நினைத்தார்கள். பார்த்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கியது. படைக்கு வந்த மருந்துக்கு இது பெரிய குறையாயிற்றே!

எண்பதுகளின் ஆரம்பத்தில் கம்பெனி அந்த ஆய்வுக்கூடத்தை மூடிவிட்டது. ராப்பமைசின் வேலையும் நின்றது. சேகலுக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சத்தைத் தன் வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார். நியூஜெர்சிக்குக் குடிபோனபோதும் உறைந்த நிலையிலேயே கூடக் கொண்டுபோனார். சில வருஷங்கள் கழித்து நிர்வாகம் மாறியதும், மறுபடி பேசிப் பேசி ஆராய்ச்சியைத் தொடங்க வைத்தார். 1999-ல் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கான மருந்தாக அமெரிக்க அரசு அதை அங்கீகரித்தது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளும் மருந்து அது. சேகல் 2003-ல் காலமானார்.

இதற்கிடையே வேறொரு கேள்வி எழுந்தது. இந்த மருந்து செல்லுக்குள் போய் யாரைப் பிடிக்கிறது? 1991-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் மைக்கேல் ஹால், ஜோசப் ஹைட்மன், ராவ் மொவ்வா ஆகியோர் விடை கண்டார்கள். ரொட்டி உப்ப வைக்கிற ஈஸ்ட் செல்லில் அவர்கள் தேடிப் பிடித்த புரதத்துக்கு 'டார்' என்று பெயர் வைத்தார்கள். ராப்பமைசின் குறிவைக்கும் இடம் என்பது பொருள். மூன்றே வருஷத்தில், 1994-ல், பாலூட்டிகளின் செல்லிலும் அதே ஆள் இருப்பது தெரிந்தது. அவருக்கு 'எம்-டார்' என்று பெயர். இவர்தான் நம் மேஸ்திரி.

மூன்று விஷயம் கூடினால்தான் வேலை

வீடு கட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மேஸ்திரி எப்போது வேலையை ஆரம்பிப்பார்? செங்கல், மணல், சிமென்ட் வந்து இறங்கியிருக்க வேண்டும். கூலிக்குப் பணம் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் 'சரி, ஆரம்பிங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மேஸ்திரி திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்.

எம்-டாரும் அப்படியே. செங்கல் என்பது பருப்பு, முட்டை, பால், மீனில் உள்ள புரதம் செரித்துக் கிடைக்கும் அமினோ அமிலங்கள். அதிலும் லூசின், ஆர்ஜினின் என்ற இரண்டு வந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கத் தனித்தனிப் புரதங்களே செல்லுக்குள் காவல் இருக்கின்றன. கூலிப் பணம் என்பது செல்லின் சக்தி இருப்பு. வீட்டுக்காரரின் சம்மதம் என்பது வெளியிலிருந்து வரும் சேதி. அதில் முக்கியமானது இன்சுலின். சாப்பிட்டவுடன் கணையம் ரத்தத்தில் விடும் இன்சுலின், 'வீட்டுக்குச் சாமான் வந்தாச்சு' என்று செல்களுக்கெல்லாம் அடிக்கும் தண்டோரா.

மூன்றும் கூடியதும் எம்-டார் எழுந்து வேலையை ஆரம்பிக்கிறது. புதிய புரதம் கட்டப்படுகிறது, கொழுப்பு சேமிக்கப்படுகிறது, செல் பருக்கிறது, பிளக்கிறது. குழந்தை வளர்வது, வெட்டுக்காயம் மூடுவது, உடற்பயிற்சி செய்தவருக்குத் தசை ஏறுவது எல்லாம் இந்த மேஸ்திரி போட்ட உத்தரவுதான். அதனால் இவரை வில்லனாக நினைத்துவிட வேண்டாம்.

ஒரு வேடிக்கை பாருங்கள். இந்த மேஸ்திரி வேலை பார்க்கும் இடம் எது? செல்லுக்குள் லைசோசோம் என்று ஒரு பை உண்டு. பழசாகிப்போன, உடைந்த பொருள்களைப் பொடித்துக் கரைக்கும் இடம். நம் பாஷையில் பழைய இரும்புக் கடை. அதன் வாசலில்தான் எம்-டார் வந்து உட்கார்கிறது! பழைய புரதம் கரைந்தால் அதிலிருந்தும் செங்கல் கிடைக்குமே... அந்தக் கணக்கும் மேஸ்திரியின் பார்வையிலேயே இருக்கிறது.

சிக்கனக்கார அம்மா

இப்போது அம்மாவுக்கு வருவோம். அவர் பெயர் ஏ.எம்.பி.கே. செல்லின் சில்லறைக் காசு ஏ.டி.பி. என்ற பொருள். செலவாகும்போது அது உடைந்து, கடைசியில் ஏ.எம்.பி. ஆகிறது. காலி சிலிண்டர் சேரச் சேர 'கேஸ் தீரப்போகுது' என்று தெரிகிறதல்லவா? அதுபோல ஏ.எம்.பி. சேர்ந்ததும் இந்த அம்மா விழித்துக்கொள்கிறார். உடனே சிக்கனம்! எம்-டாரை உட்கார வைக்கிறார். கொழுப்பு சேமிப்பதையும் கொலஸ்டிரால் செய்வதையும் நிறுத்துகிறார். சேர்த்து வைத்த கொழுப்பை எடுத்து எரிக்கச் சொல்கிறார். பழைய இரும்புக் கடையையும் திறந்துவிடுகிறார்.

நடக்கும்போது தசையில் நடப்பதும் இதுதான். வேலை செய்கிற தசை, இன்சுலின் தயவை எதிர்பார்க்காமலேயே ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிஷம் வாசலில் நடங்கள் என்று மருத்துவர் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல!

பழைய இரும்புக் கடை விஷயத்தைக் கண்ணால் பார்த்தவர் ஜப்பான் விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி. எண்பதுகளின் கடைசியில் டோக்கியோவில் ஈஸ்ட் செல்களைப் பட்டினி போட்டார். கழிவைக் கரைக்க முடியாத ஒரு வகை ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுத்ததில்தான் அவருடைய சாமர்த்தியம். கரையாததால் மூட்டை மூட்டையாகத் தேங்கிய கழிவு மைக்ராஸ்கோப்பில் தெரிந்துவிட்டது. செல் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் இந்த வழியை ஆராய்ந்ததற்காக 2016-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மேஸ்திரிக்கு லீவே கிடையாதா?

இனி உங்கள் வீட்டுக் கணக்குக்கு வாருங்கள். காலை 6 மணிக்குச் சர்க்கரை போட்ட காபி. 8 மணிக்கு இட்லியோ பொங்கலோ. 11 மணிக்கு ஆபீஸில் டீயும் வடையும். 1 மணிக்குச் சாப்பாடு. 4 மணிக்கு பஜ்ஜி. 6 மணிக்கு டி.வி. முன்னால் மிக்ஸர். 9.30-க்கு நான்கு தோசை. படுக்கும்போது பால். சரி, மேஸ்திரி எப்போது உட்காருவார்? அம்மா எப்போது பழசை ஒழித்துப் போடுவார்?

இதில் ஒரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. எம்-டார் ஓயாமல் ஓடினால் அதற்குக் கீழே இருக்கும் ஒரு நொதி, இன்சுலினுடைய சேதியைச் செல்லுக்குள் கொண்டுபோகும் தபால்காரனையே மறித்துவிடுகிறது. 'போதும்ப்பா, இறக்க இடமில்லை' என்று லாரியைத் திருப்பி அனுப்புவது மாதிரி. அப்போது கணையம் என்ன செய்யும்? இன்னும் சத்தமாகத் தண்டோரா போடும். இன்னும் அதிக இன்சுலின்! இன்சுலினுக்குச் செல் செவி சாய்க்காத நிலைக்கு இது ஒரு காரணம். ஒரே காரணம் என்று சொல்லமாட்டேன். வயிற்றுக் கொழுப்பு, பரம்பரை, தூக்கக் குறைவு எல்லாமே பங்குக்கு வருகின்றன.

நம்மவர்களுக்குப் பிறக்கும்போதே ஒரு தொல்லை கூட வருகிறது. புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003-ல் வெளியிட்டார்கள். நம் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. நம் குழந்தைக்குத் தசை குறைவு. ஆனால், தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை! பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. 'என் வீட்டுக்காரர் ஒல்லிதானே, அவருக்கு எப்படி சுகர்?' என்று கேட்கும் பெண்களுக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய்; இன்னும் 13.6 கோடி பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றது. வாசலில் நிற்பவர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா? முடியும் என்று காட்டியது சென்னைதான். டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் இப்படிப்பட்ட 531 பேரை மூன்று வருஷம் கவனித்து 2006-ல் முடிவைச் சொன்னார்கள். சும்மா விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்து, சர்க்கரை, மாவுப் பண்டம், எண்ணெயைக் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், நடந்தவர்களுக்கு எடை குறையவே இல்லை! எடை மெஷின் முள் நகரவில்லை என்பதற்காக நடப்பதை நிறுத்துகிறவர்கள் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம். மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய 40 பேர். நடையும் மாத்திரையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் லாபம் எதுவும் இல்லை.

மெட்ஃபார்மின் என்றதும் 'இங்கிலீஷ் மருந்து' என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் பூர்வீகம் ஒரு மூலிகை. ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடி. அதில் உள்ள பொருள் சர்க்கரையைக் குறைத்தது. ஆனால், தின்ற ஆடுகளைக் கொன்றது. அந்தப் பொருளின் உறவுமுறையில் விஷம் குறைந்ததைத் தேடிப்போய், 1957-ல் பாரிஸ் டாக்டர் ஜான் ஸ்டெர்ன் மெட்ஃபார்மினை நோயாளிகளுக்குக் கொடுத்தார். செல்லுக்குள் அது செய்யும் வேலைகளில் ஒன்று, நம் சிக்கனக்கார அம்மாவைத் தட்டி எழுப்புவதுதான். மூலிகை என்றாலே கெடுதல் செய்யாது என்று நினைப்பவர்களும் அந்த ஆடுகளை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்!

அப்படியானால் பட்டினி கிடக்கலாமா?

இதைத்தான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். செல்போனில் வரும் வீடியோவில் யாரோ 16 மணி நேரம் என்கிறார். இன்னொருவர் 24 என்கிறார். ஈஸ்ட்டிலும் எலியிலும் பார்த்த மணிக்கணக்கை மனிதன் தலையில் அப்படியே கட்டக்கூடாது. எலி நம்மைவிட எத்தனையோ மடங்கு வேகமாகச் சத்தை எரிக்கும் பிராணி. ஒரு நாள் பட்டினி அதற்குப் பெரிய பட்டினி.

திருக்குறளில் 95-வது அதிகாரம் மருந்து. அதில் பாதிக்கு மேல் சாப்பாட்டின் அளவையும், முன்பு உண்டது செரித்ததா என்று பார்ப்பதையும் பற்றித்தான். எங்கள் நூல்களிலும் சுரம் கண்டால் முதலில் லங்கணம். அதற்காகச் சித்தர்களுக்கு எம்-டார் தெரியும் என்று மேடை போட்டுப் பேசமாட்டேன். பசித்துச் சாப்பிடு என்று அனுபவத்தில் கண்டார்கள். அதற்கு ஒரு காரணம் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். பட்டினியைப் புகழ்ந்து பேசவும் எனக்கு நா எழாது. தாது வருஷப் பஞ்சத்தைப் பார்த்த மண் இது. எங்கள் கரிசல் காட்டில் கம்பும் சோளமும் தின்று வாழ்ந்தவர்கள் இடையில் நொறுக்குத் தீனி தின்னாதது, கையில் இல்லாததால்தான். கம்பங்கூழும் செம்பு செம்பாகக் குடித்தால் மாவுச்சத்துதான் ஐயா!

நான் சொல்வது சாதாரண விஷயம். இரவுச் சாப்பாட்டை 8 மணிக்குள் முடியுங்கள். மறுநாள் காலை உணவு வரைக்கும் ஒரு 12 மணி நேரம் மேஸ்திரி உட்காரட்டும். 11 மணி வடையையும் சாயங்கால மிக்ஸரையும் விட்டால் பகலிலும் இடைவெளி கிடைக்கும். நோய் இல்லாத, நடு வயதுக்காரருக்கு இது தாராளமாகப் போதும்.

யாருக்கு இது ஆகாது? வளரும் பிள்ளைகளுக்கு ஆகாது. அவர்களுக்கு மேஸ்திரி ஓடத்தான் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. நஞ்சுக்கொடிக்கும் எம்-டார் உண்டு. தாயின் ரத்தத்தில் சத்து எவ்வளவு என்று அளந்து பார்த்துத்தான் அது குழந்தைக்கு அனுப்புகிறது. தாய் சஷ்டி, கிருத்திகை, வெள்ளி என்று வாரத்தில் பாதி நாள் விரதம் இருந்தால், உள்ளே இருக்கும் குழந்தைக்குப் பஞ்ச காலம் என்ற சேதிதான் போகும்.

அறுபது தாண்டியவர்களுக்கும் எச்சரிக்கை. வயதானால் தசையில் இருக்கும் மேஸ்திரிக்குக் காது மந்தம்! இளவட்டங்களுக்குப் போதுமான புரதம் அவர்களுக்குப் போதாது. நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள்? 'செரிக்காது' என்று பருப்பை நிறுத்திவிட்டு ரசம் சாதமும் ஊறுகாயுமாக ஓட்டுகிறார்கள். தொடை மெலிகிறது, விழுகிறார்கள், இடுப்பு எலும்பு முறிகிறது. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது நம் நாட்டு அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். 200 மில்லி பாலில் ஏறக்குறைய அதே 6 கிராம். 100 கிராம் பருப்பில் சுமார் 22 கிராம். பாட்டிக்கு உளுந்தங்களியும் பாசிப்பயறும் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆயுளை நீட்டும் என்று ராப்பமைசினைத் தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். 600 நாள் வயதான கிழட்டு எலிகளுக்குக் கொடுத்தபோது ஆண் எலிகளின் ஆயுள் 9 சதவீதமும் பெண் எலிகளின் ஆயுள் 14 சதவீதமும் கூடியதாக 2009-ல் அறிக்கை வந்தது உண்மை. மனிதர்களுக்கு அந்த மருந்தால் வாய்ப்புண் வரும். புண் ஆறத் தாமதமாகும். ரத்தக் கொழுப்பும் சர்க்கரையும் ஏறும். தொற்று எளிதில் பிடிக்கும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தின்னும் சமாச்சாரமல்ல.

ஆடிச்சுற்றும் மாத்திரையும்

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஆடித்தபசு வந்தால் எங்கள் பக்கத்தில் கோமதியம்மனுக்காக விரதம் இருந்து, கோயிலைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அந்த நாட்களில் என் வைத்தியசாலைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிவரப்பட்ட ஒரு அம்மா, "வைத்தியரய்யா, காலையில இருந்து பச்சத்தண்ணிதான். ஆனா மாத்திரைய மட்டும் நான் விடலய்யா" என்றார் பெருமையாக. உடம்பெல்லாம் வேர்வை, கை நடுக்கம். ஊசி குத்திப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை 52!

என்ன நடந்தது பாருங்கள். கணையத்தின் பீட்டா செல், ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதை உணர்ந்தால்தான் இன்சுலினை விடும். சர்க்கரையை அது எரிக்க, ஏ.டி.பி. பெருக, ஒரு சின்னப் பொட்டாசியக் கதவு சாத்திக்கொள்ளும். அதுதான் சமிக்ஞை. கிளிபென்கிளமைடு, கிளிமிப்ரைடு போன்ற மாத்திரைகள் நேராகப் போய் அந்தக் கதவைச் சாத்திவிடுகின்றன. சோறு வந்ததா இல்லையா என்று கேட்பதே இல்லை! வயிற்றில் எதுவும் இல்லை; மாத்திரை இன்சுலினைக் கொட்ட வைக்கிறது; சுற்றுகிற கால் தசை தன் பங்குக்குச் சர்க்கரையை இழுக்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் ஆள் மயங்காமல் என்ன செய்வார்? மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த அபாயம் குறைவு. இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கு அதிகம்.

'அப்போ மாத்திரையை நிறுத்திட்டு ஆவாரைக் குடிநீர் குடிக்கிறேன்' என்று சிலர் கிளம்புகிறார்கள். ஆவாரைக் குடிநீரை நானும் கொடுக்கிறேன். ஓடுகிற மாத்திரையை நிறுத்தச் சொல்லிக் கொடுப்பதில்லை. இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை கூடுதலாக இறங்கலாம் என்பதால் பரிசோதனை செய்துகொண்டேதான் கொடுக்கிறேன். சிறு வயதிலேயே வரும் முதல் வகைச் சர்க்கரை நோயில் பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கஷாயமும் அதற்கு ஈடு கிடையாது.

விரதம் இருந்தே தீர வேண்டும் என்றால், ஒரு வாரம் முன்பே மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரைப் பாருங்கள். அளவையோ வேளையையோ அவர் மாற்றித் தருவார். கோயிலுக்குப் போகும்போது இடுப்பு முடிச்சில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால், அல்லது பரிசோதனையில் 70-க்குக் கீழே காட்டினால், விரதம் அந்த நிமிஷமே முடிந்தது. கோமதியம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு உட்காருங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு தரம் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்ற வேண்டாம்; புரையேறிவிடும். அந்த நேரத்தில் நம்ம திருநெல்வேலி அல்வாவைத் தேடி ஓடாதீர்கள். நெய் கலந்த இனிப்பு ரத்தத்தில் ஏறுவதற்கு நேரமாகும்.